பழைய மோடத்துக்குள் வைஃபை பலகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, கும்பகோணத்தில் இருந்த எங்களைப் போன்றவர்கள் அதை எட்டிப்பார்க்கச் சென்னைக்கு எஸ்.டி.டி. எனும் வெளியூர்த் தொலைபேசி அழைப்பு போட வேண்டியிருந்தது. தொலைபேசிக் கம்பி வழியே கணினியை இணையத்தோடு சேர்த்து, அந்த நாளில் கிரீச்சிட்ட மோடங்கள் இன்றும் பல வீடுகளின் பரணில் கிடக்கின்றன. அவற்றைச் செருகுவதற்கான தரைவழித் தொலைபேசி இணைப்புதான் பெரும்பாலும் இல்லை. இ.எஸ்.பி.8266 சில்லு கொண்ட சிறு வைஃபை பலகை ஒன்றை உள்ளே வைத்துவிட்டால், பழைய கணினி தொலைபேசியில் எண் சுழற்றுவதாகவே எண்ணிக்கொண்டு இணையத்துடன் பேசும். வேலை சிறியது. ஆனால் இதில் நேரும் சேதங்களில் பெரும்பாலானவை ஈயம் உருகுவதற்கு முன்பே, அளந்து பாராமல் ஊகித்துக்கொள்வதால் நேருகின்றன. 25 முனை இணைப்பியும், கணினிக்குப் போகும் குறியை அதற்கேற்ற அழுத்தத்துக்கு மாற்றும் 1488, கணினியிலிருந்து வரும் குறியை 5 வோல்ட்டுக்கு மாற்றும் 1489 என்ற இரு சில்லுகளும், சாக்கெட்டில் செருகப்பட்ட கட்டுப்பாட்டுச் சில்லும் உடைய வெளிப்புற மோடத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு அடாப்டரில் தொடங்குகிறது. 1488 சில்லுக்கு நேர்மின்னழுத்தம், எதிர்மின்னழுத்தம் இரண்டும் தேவை என்பதால், பல மோடங்களின் அடாப்டர்கள் டி.சி. தராமல் ஏ.சி.யையே தருகின்றன, மோடத்தின் உள்ளே இருக்கும் டயோடுகள்தான் அதை இரு பக்கமாகப் பிரிக்கின்றன. இதைக் கவனிக்காமல், அடாப்டர் நுழையும் இடத்திலிருந்தே இரண்டு கம்பிகளை இழுத்து, டி.சி. மட்டும் ஏற்கும் மின்னழுத்த மாற்றிப் பலகை ஒன்றுக்கு நான் கொடுத்தேன். அதிலிருந்த மின்தேக்கி வெடித்த நாற்றம் கூடத்தை விட்டுப் போக இரண்டு நாளாயிற்று. 9 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் ஏறத்தாழ 12.7 வோல்ட் என்பதையும், சுமை இல்லாதபோது பழைய அடாப்டர்கள் தம்மேல் எழுதியுள்ள அளவைவிடக் கூடுதலாகவே தரும் என்பதையும் மறக்கக் கூடாது. மோடத்தின் பலகையிலேயே 7805 சீராக்கி உருவாக்கும் 5 வோல்ட்டை எடுத்து, வைஃபை பலகையின் 5 வோல்ட் முனைக்குக் கொடுப்பதே சரியான வழி. வைஃபை சில்லு அனுப்பும் கணத்தில் 300 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால், அருகிலேயே 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது காரணமே தெரியாமல் அடிக்கடி மறுதொடக்கம் ஆகும்.

அந்த 5 வோல்ட்டை எங்கிருந்து எடுப்பது என்பதில் இன்னொரு பொறி இருக்கிறது. 1488, 1489 இரண்டும் 14 கால் சில்லுகள். பெரும்பாலும் அடுத்தடுத்தே அமர்ந்திருக்கும். 1489-இன் 14ஆம் காலில் 5 வோல்ட் இருக்கும். 1488-இன் 14ஆம் காலிலோ 12 வோல்ட் அளவில் இருக்கும். மேலே எழுதியிருக்கும் எண்ணில் ஒரு இலக்கத்தைத் தவறாகப் படித்தால் வைஃபை பலகை அந்த நொடியே போய்விடும். மல்டிமீட்டரால் அளந்த பிறகே கம்பியை வைக்க வேண்டும். அளப்பதற்கும் முன்பாக, சுவரில் தொலைபேசி இணைப்பு எஞ்சியிருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். சும்மா இருக்கும்போது 48 வோல்ட் இருக்கும் அந்த இணைப்பில், மணி அடிக்கும்போது 75 வோல்ட் அளவுக்கு ஏ.சி. வரும்.

வைஃபை சில்லு 3.3 வோல்ட்டில் இயங்குவது. அது அனுப்பும் குறியை 1488 தயங்காமல் ஏற்றுக்கொள்ளும். 1489 தரும் 5 வோல்ட் குறியைத்தான் இரண்டு மின்தடைகளால் குறைத்துக் கொடுக்க வேண்டும். இங்கே கைக்குக் கிடைத்த 1.8 கே, 3.3 கே (கே என்பது கிலோ ஓம்) மின்தடைகளைப் போட்டுவிட்டு, சில எழுத்துகள் மட்டும் தவறுகின்றனவே என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு. 1489-இன் வெளியீட்டுக்குள்ளேயே 1.7 கே அளவில் ஒரு மின்தடை இருப்பதால், இந்தச் சிறிய மதிப்புகளோடு அதுவும் சேர்ந்து, கிடைக்கும் அழுத்தம் 2.4 வோல்ட்டுக்கு இறங்கி, வைஃபை சில்லுக்கு ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் தெளிவாகப் புரியாத எல்லையில் நின்றுவிடும். 10 கே, 20 கே என்று போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இணைப்பியின் முனைப் பெயர்கள் கணினியின் பார்வையில் வைக்கப்பட்டவை. 25 முனை இணைப்பியில் 2ஆம் முனைக்கு ‘அனுப்பும் தரவு’ என்று பெயர் என்றாலும், மோடத்தைப் பொறுத்தவரை அது வரும் வழி. 3ஆம் முனைதான் போகும் வழி. 9 முனை இணைப்பியில் இந்த இரண்டு எண்களும் இடம் மாறியிருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. 8ஆம் முனையையும் அந்தரத்தில் விடக் கூடாது. மறுமுனையோடு இணைப்பு ஏற்பட்டதை அதை வைத்தே அறியும் மென்பொருள்கள் வரவேற்புச் செய்தியைக் கூடக் காட்டாமல் காத்திருக்கும்.

பழைய கட்டுப்பாட்டுச் சில்லை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, அதே தடத்தில் வைஃபை பலகையின் வெளியீட்டையும் இணைப்பது பரவலான தவறு. இரண்டு வெளியீடுகள் ஒரே கம்பியில் மல்லுக்கட்டினால், ஒன்று சூடாகிச் சாகும். சில்லைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி, அந்தத் துளைகளில் மெல்லிய கம்பியைச் செருகினால் போதும். தடித்த கம்பியைத் திணித்தால் சாக்கெட்டின் பிடி தளர்ந்து, பிறகு சில்லைத் திரும்ப வைத்தாலும் தொடர்பு கிடைக்காது. பலகையின் தடங்களைக் கத்தியால் வெட்டுவதை நான் ஏற்பதில்லை.

டெல்டாவுக்கே உரிய தொல்லை ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையைப் பரணில் பல ஆண்டுகள் கழித்த பலகையின் கால்களில், பித்தளைக் குடத்தில் பிடிப்பது போலவே பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் இருந்தவை இன்னும் மோசம். அதன்மேல் அப்படியே பற்றவைத்தால் ஈயம் உருண்டையாகத் திரண்டு நிற்குமே தவிர ஒட்டாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரிடம் கேட்டு நவச்சாரம் வாங்கிவந்த நண்பர் ஒருவர் எனக்குண்டு. குடத்துக்கு நல்லதுதான், ஆனால் மின்பலகையில் அது மிச்சமிருக்கும் நாள்வரை செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். மின்பொருள் வேலைக்கென்றே விற்கும் ரோசின் எனும் பிசின் கலந்த ஈயக்கம்பி மட்டுமே போதும். எர்த் இல்லாத இரண்டு முனை சால்டரிங் அயர்னையும் தவிர்ப்பது நல்லது.

கழற்றிய சில்லைத் தெர்மாகோலில் குத்தி வைக்காதீர்கள், அது நிலைமின்னைச் சேர்க்கும். கண்ணாடிச் சாளரம் உள்ள நினைவகச் சில்லு எனில், அதன்மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பிய்த்துவிட்டு வெயிலில் வைத்தால் உள்ளே எழுதியிருப்பது அழிந்துபோகும். அலுமினிய உறையுள்ள மோடத்துக்குள் பலகையை முழுதாக அடைத்தால் வைஃபை வெளியே வராது. ஆன்டெனாவைப் பின்பக்கப் பிளாஸ்டிக் தகட்டருகே கொண்டுவர வேண்டும்.

மூடியை முடுக்கியபின் மோடத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் திரையில் சில குப்பை எழுத்துகள் ஓடும். வைஃபை சில்லு விழிக்கும்போது நொடிக்கு 74,880 பிட் வேகத்தில் தன் நிலையை அறிவிப்பதால் வருபவை அவை. அதற்காக மீண்டும் மூடியைத் திறக்க வேண்டியதில்லை.