பழைய டீசல் எஞ்சினுக்குச் சிறு சீல்கள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு முழுவதும் நிறுத்தி வைத்த பழைய டீசல் கார் காலையில் நெடுநேரம் சுற்றியபின்தான் கிளம்புகிறது, ஆனால் வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு டீசல்கூடக் கிடக்கவில்லை என்றால், பேட்டரியையும், எரியறையைச் சூடாக்கும் குளோ பிளக்கையும் மாற்றுவதற்கு முன் டீசல் பம்ப் காற்று இழுக்கிறதா என்று பார்ப்பது நல்லது. டேங்குக்கும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் இடைப்பட்ட பகுதி பெரும்பாலும் உறிஞ்சும் பகுதி என்பதால், அங்கே ஒரு சீல் தளர்ந்தால் டீசல் வெளியே கசிவதில்லை. காற்றுதான் உள்ளே போகிறது, இரவில் குழாயில் இருந்த டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடுகிறது. இதற்குக் காரணம் பல நேரங்களில் ஃபில்டரின் தலைப்பகுதியிலோ பம்பின் லிவர் தண்டிலோ இருக்கும், விரல் நகம் அளவுகூட இல்லாத ஓர் ஓ-ரிங், அதாவது இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையம். அதைத் தேடிப் பிடிப்பதில்தான் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, நான் அதிகம் பார்த்ததும் நானே செய்ததும், கழற்றிய பழைய ரிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ‘இதே அளவில் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்பது. பல ஆண்டுகள் நசுங்கிக் கிடந்த ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. ஒரு பழைய ரிங்கைப் பிளேடால் குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தைப் பார்த்தால் இது விளங்கும்: வட்டமாக இருக்க வேண்டிய முகம் இருபுறமும் தட்டையாகி, நசுங்கிய திசையில் 2.05 மி.மீ., மற்றத் திசையில் 3.0 மி.மீ. என்று நிற்கும். அந்த 2.05-ஐ நம்பி 2 மி.மீ. கனமுள்ள ரிங் வாங்கி, ரிங் உட்கார உலோகத்தில் வெட்டியிருக்கும் 2.0 மி.மீ. ஆழமுள்ள பள்ளத்தில் வைத்தால் அது நசுங்கவே நசுங்காது; நசுங்காத ஓ-ரிங் எதையும் அடைக்காது. அதே பள்ளத்தில் 2.62 மி.மீ. ரிங் ஏறத்தாழ 24 சதவீதம் நசுங்கும், 2.4 மி.மீ. ரிங் ஏறத்தாழ 17 சதவீதம் நசுங்கும். அசையாத இணைப்புகளுக்கு ஏற்ற அளவு இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

எனவே அளக்க வேண்டியது ரப்பரை அல்ல, உலோகத்தை. பள்ளத்தின் ஆழம், அகலம், ரிங் உட்காரும் தண்டின் விட்டம் ஆகிய மூன்றையும் வெர்னியர் காலிப்பரால் எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ரிங்கின் உள்விட்டத்தைக் காலிப்பர் தாடையால் அளந்தால் ரப்பர் விரிந்து பொய்யான எண்ணைக் காட்டும். தண்டில் மாட்டும் ரிங்கின் உள்விட்டம், அது உட்காரும் விட்டத்தைவிட 1 முதல் 5 சதவீதம் வரை சிறிதாக இருந்தால் போதும். அங்குல வரிசையில் கனம் 1.78, 2.62, 3.53 மி.மீ. என்றும், ஜப்பானிய வரிசையில் 1.9, 2.4, 3.5 மி.மீ. என்றும் வருவதால், எஞ்சின் எந்த நாட்டு மரபில் செய்யப்பட்டது என்று தெரிந்திருப்பது அளவை ஊகிக்க மிகவும் உதவும்.

அளவு சரியாக இருந்தும் ரப்பர் தவறானால் உழைப்பு வீண். கறுப்பாக இருக்கும் ஓ-ரிங்குகள் எல்லாம் ஒன்றல்ல. பிரேக் பாகங்களிலும் தண்ணீர்க் குழாய்களிலும் பயன்படும் இபிடிஎம் என்ற ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும். சிலிக்கான் ரிங் வெப்பத்தைத் தாங்கும், டீசலைத் தாங்காது. டீசலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் பொதுவாகச் சேர்வது நைட்ரைல் ரப்பர். அதன் எல்லை தொடர்ந்து சுமார் 100 டிகிரி செல்சியஸ். அதைவிடச் சூடான இடங்களுக்கும் பயோடீசல் கலந்த எரிபொருளுக்கும் வைட்டான் என்று அழைக்கப்படும் ஃப்ளூரோ ரப்பரே ஏற்றது. நிறத்தை வைத்து முடிவெடுக்க முடியாது, ஏனெனில் பழுப்பும் பச்சையும் தயாரிப்பாளர் கலக்கும் சாயம் மட்டுமே. எண்ணெய் எரிந்த இடத்தில் கருகிக் குழைந்து கிடக்கும் வைட்டானை வெறும் கையால் தொடக் கூடாது. அது சிதையும்போது தோலை அரிக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டாகும்.

பழைய ரிங்குகள் கசிவதற்கு எரிபொருள் மாறியதும் ஒரு காரணம். 1990களில் கந்தகம் குறைத்த டீசல் வந்தபோது, அதில் அரோமாட்டிக் சேர்மங்களும் குறைந்ததால், அதுவரை அவற்றில் ஊறி உப்பியிருந்த பழைய நைட்ரைல் ரிங்குகள் சுருங்கிப் பல பம்புகள் கசியத் தொடங்கின. ரப்பருக்கு அலமாரியிலும் ஆயுள் எல்லை உண்டு என்பதால், பல ஆண்டுகள் கிடந்த ‘அசல்’ பாக்கெட் என்பதற்காக மகிழ்ந்துவிடக் கூடாது. ஐஎஸ்ஓ 2230 தரநிலை முறையாகச் சேமித்த நைட்ரைலுக்கு 7 ஆண்டும், பரிசோதித்தபின் மேலும் 3 ஆண்டும், ஃப்ளூரோ ரப்பருக்கு 10 ஆண்டும் பின்னர் 5 ஆண்டும் சேமிப்புக் காலமாகத் தருகிறது.

காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லிக் கேட்பதும் தவறான வழி. ஒரே மாடலில் இருவேறு நிறுவனங்களின் பம்புகள் பொருத்தப்பட்டிருக்கலாம். கார் பாகங்களின் பட்டியலில் சிறு ரிங்குகள் தனியாக இடம்பெறாமல், முழுப் பம்பே ஒரே எண்ணில் இருக்கலாம். பம்பின் உடலில் உள்ள தகட்டைத் துடைத்து அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போனால், அந்தப் பம்புக்கு உரிய எல்லாச் சீல்களும் சேர்ந்த ‘சீல் கிட்’ கிடைக்க வழியுண்டு. கிட் இல்லாவிட்டாலும், பேரிங், ஆயில் சீல், ஹைட்ராலிக் பொருள்கள் விற்பவர்கள் அளவையும் ரப்பர் வகையையும் சொன்னால் தனித்தனியாகவே தருவார்கள்.

எரியறைக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குக் கீழே இருக்கும் காப்பர் வாஷரில் விட்டத்தை மட்டும் பார்ப்பவர்கள் கனத்தை மறந்துவிடுகிறார்கள். இன்ஜெக்டரின் முனையான நாசில் எரியறைக்குள் எவ்வளவு நீண்டிருக்க வேண்டும் என்பதை அந்தக் கனமே தீர்மானிக்கிறது. பழைய வாஷர் துளையின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் அதன்மேல் புதியதை வைத்தால் இரண்டு கனம் சேர்ந்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்து, அடித்தளம் தெரியும் வரை சுத்தம் செய்தபின்தான் புதியதை இட வேண்டும்.

சரியான ரிங் கிடைக்காதபோது சிலிக்கான் பேஸ்ட் தடவி ஒப்பேற்றும் வழக்கத்தை எரிபொருள் பகுதியில் அறவே விட வேண்டும். டீசலில் ஊறி உரியும் துணுக்குகள், மைக்ரான் அளவு இடைவெளியில் இயங்கும் பம்புக்குள் போனால், ஒரு சிறு ரிங்குக்கான வேலை பம்பையே மாற்றும் வேலையாகிவிடும். ரிங்கைச் சுத்தமான டீசலில் நனைத்து, மரையின் மேல் மெல்லிய டேப் சுற்றி, முறுக்காமல் நழுவவிட்டுப் பொருத்த வேண்டும். மரையின் கூர்முனையில் பட்ட ஒரு கீறல் போதும், காற்று மீண்டும் நுழைய.

வேலை முடிந்ததும் பம்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு நீளத்துக்கு டீசல் தாங்கும் தெளிவான குழாயை மாட்டி, காற்றை வெளியேற்றி, வண்டியை ஓர் இரவு நிறுத்தி வைத்து, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும்போது அதில் குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். குமிழி இல்லையென்றால் தெளிவான குழாயைக் கழற்றிப் பழைய ரப்பர் குழாயையோ அதே தரத்தில் புதியதையோ மாட்டிவிடுங்கள். எஞ்சின் சூட்டில் தெளிவான குழாய் சில மாதங்களில் விறைத்து, அதன் கிளிப் இருக்கும் இடத்திலேயே காற்று இழுக்கத் தொடங்கும்.