பூமியை நெருங்கும் சிறுகோளை அளந்து அறிவிப்பது எப்படி?

ஆபத்தான சிறுகோள்களை முதலில் கண்டுபிடிப்பது ஹவாய், அரிசோனா, சிலி மலைகளில் இரவு முழுக்க வானத்தை வாரிக்கொண்டிருக்கும் பெரிய தேடல் தொலைநோக்கிகளின் வேலை. பான்-ஸ்டார்ஸ், கேட்டலினா, அட்லஸ் ஆகியவற்றை மாடியில் வைத்த 20 செ.மீ. தொலைநோக்கி முந்த முடியாது, முந்தவும் தேவையில்லை. ஆனால் கண்டுபிடித்த இரவில் பெரும்பாலும் கிடைப்பது, ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த மூன்று நான்கு புள்ளிகள் மட்டும்தான். அதை வைத்து அந்தக் கல் எங்கே போகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த சில மணி நேரத்துக்குள் வேறு யாராவது அதை மறுபடி பிடித்து அளக்க வேண்டும். தவறினால் அது தொலைந்தே போகும். அந்த இரண்டாவது அளவீட்டை எடுப்பது எப்படி என்பதுதான் இங்கே.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவர்களுக்கு இதில் இரண்டு வசதிகள். ஹவாயில் விடியும்போது அங்கே பிடிபட்ட பொருள் அடுத்ததாக ஆசிய வானத்துக்குத்தான் வருகிறது. இன்னொன்று, நம் அட்சரேகையில் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறமுள்ள வானப்பகுதி ஆண்டு முழுவதும் நள்ளிரவில் உயரத்தில் நிற்கும். நம் வானத்திலேயே சிறுகோள் பிடிபட்டதும் உண்டு: வேலூர்ப் பக்கம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகத்திலிருந்து 1988-இல் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த 4130-ஆம் எண் சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர்.

தேவையான கருவிகள்

20 செ.மீ. விட்டமுள்ள, குவிதூரம் 1000 மி.மீ. அளவுள்ள நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) போதும். 25 அல்லது 30 செ.மீ. இருந்தால் நல்லது. நட்சத்திரங்களைப் பின்தொடரும் மோட்டார் மவுன்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) கட்டாயம் வேண்டும். கேமரா கறுப்பு-வெள்ளை சிமாஸ் சென்சார் உள்ளதாக இருக்கட்டும். கலர் கேமராவின் வடிகட்டி வெளிச்சத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு அகலம் என்று முதலில் கணக்குப் போடுங்கள். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206.265-ஆல் பெருக்கி, குவிதூரத்தால் (மி.மீ.) வகுத்தால் ஆர்க்செகண்டில் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) விடை வரும். 3.76 மைக்ரான் பிக்சலும் 1000 மி.மீ. குவிதூரமும் என்றால் 0.78 ஆர்க்செகண்ட். நம் ஊரில் நட்சத்திரப் புள்ளி 3 ஆர்க்செகண்ட் அகலத்துக்குப் பரவித் தெரிவதால், 2×2 பின்னிங் போட்டு (நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து) 1.55-ஆக வைப்பது சரி. புள்ளியின் அகலத்தில் இரண்டு பிக்சலாவது அடங்க வேண்டும். ஒரு பிக்சலுக்குள்ளேயே அடங்கினால் மையம் எங்கே என்று மென்பொருளுக்குத் தெரியாது.

லென்ஸ் அல்லது கண்ணாடித் தட்டு முன்பக்கம் உள்ள தொலைநோக்கியானால் பனிச்சூடாக்கிப் பட்டை வாங்கிவிடுங்கள். ஈரக்காற்றில் நள்ளிரவுக்குள் கண்ணாடியைப் பனி மூடிக்கொள்ளும். படத்தில் நட்சத்திரங்கள் மெல்ல மங்குவதை மேகம் என்று நினைத்துப் பலர் காத்திருப்பார்கள்.

கடிகாரம்தான் முக்கியம்

புதிதாகத் தொடங்குபவர்களின் அளவீடுகள் கெடுவது பெரும்பாலும் கடிகாரத்தால்தான், தொலைநோக்கியால் அல்ல. நிமிடத்துக்கு 60 ஆர்க்செகண்ட் நகரும் கல்லில், கடிகாரம் 1 விநாடி தவறினால் இடமும் 1 ஆர்க்செகண்ட் தவறும். நல்ல அளவீட்டின் பிழை அதில் பாதிகூட இருக்காது. விண்டோஸ் தானாகச் செய்யும் நேரச் சரிபார்ப்பை நம்பாதீர்கள். இணையம் வழியாகக் கடிகாரத்தைத் திருத்தும் என்டிபி மென்பொருள் ஒன்றைத் தொடர்ந்து ஓடவிடுங்கள். இணையம் தடுமாறும் இடமாக இருந்தால் விநாடித் துடிப்பு தரும் ஜிபிஎஸ் ரிசீவரைக் கணினியில் இணையுங்கள்.

கணினிக் கடிகாரம் சரியாக இருந்தாலும் படத்தில் பதியும் நேரம் தவறலாம். படப்பிடிப்பு மென்பொருள் எழுதுவது கட்டளை கொடுத்த நேரம். கேமரா உண்மையில் தொடங்குவது சற்றுத் தாமதமாக. வரி வரியாகப் பதியும் ரோலிங் ஷட்டர் கேமராவில் படத்தின் மேல் வரிக்கும் கீழ் வரிக்குமே நேரம் வேறு. இதைக் கண்டுபிடிக்க நேர்த்தியான வழி ஒன்று உண்டு: ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களையே படமெடுத்து அளப்பது. அவை இருக்கும் இடம் மிகத் துல்லியமாகத் தெரியும். விநாடிக்கு 30 முதல் 40 ஆர்க்செகண்ட் நகர்வதால் 0.1 விநாடிப் பிழைகூட 3, 4 ஆர்க்செகண்ட் விலகலாகப் பளிச்சென்று தெரிந்துவிடும். விலகல் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் அதை அமைப்பில் கழித்துக்கொள்ளலாம். படத்துக்குப் படம் மாறினால் யூஎஸ்பி இணைப்பையோ மென்பொருளையோ சந்தேகப்படுங்கள்.

ஆய்வகக் குறியீடு

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் உள்ள மைனர் பிளானட் சென்டர்தான் உலகத்தின் எல்லாச் சிறுகோள் அளவீடுகளும் போய்ச் சேரும் இடம். உங்கள் மாடிக்கு அது ஒரு குறியீடு தர வேண்டும். அதற்கு முன், நன்கு தெரிந்த, எண்ணிடப்பட்ட சில சிறுகோள்களைக் குறைந்தது இரண்டு இரவுகள் அளந்து, குறியீட்டின் இடத்தில் தற்காலிகமாக எக்ஸ் என்ற எழுத்தை மூன்று முறை போட்டு அனுப்ப வேண்டும். கூடவே இடத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம். தொலைநோக்கி நிற்கும் இடத்திலேயே ஜிபிஎஸ் அளவு எடுங்கள். தெருப்பெயரை வைத்து வரைபடத்தில் தேடாதீர்கள். எண்ணிடப்பட்ட சிறுகோள்களின் பாதை ஏற்கெனவே துல்லியமாகத் தெரியும் என்பதால், உங்கள் அளவில் பிழை இருந்தால் உடனே தெரியும். எல்லாம் 1 ஆர்க்செகண்டுக்குள் இருக்க வேண்டும். 0.5-க்குள் கொண்டுவந்த பிறகு அனுப்புவது நல்லது.

இலக்கைப் பிடிப்பது

மைனர் பிளானட் சென்டர் இணையதளத்தின் உறுதிப்படுத்தும் பக்கத்தில் அன்றாடம் புதுப் பொருள்கள் பட்டியலாகும். 17, 18 மேக்னிட்யூடுக்குள் (பிரகாசத்தின் அளவு; எண் கூடக்கூட மங்கல்) இருப்பதையே முதலில் தேர்ந்தெடுங்கள். எங்கே பார்ப்பது என்ற அட்டவணையைக் கேட்கும்போது உங்கள் ஆய்வகக் குறியீட்டைக் கொடுக்க மறக்காதீர்கள். நிலவின் தொலைவில் உள்ள பொருள், பார்க்கும் இடம் மாறினால் ஒரு பாகை அளவுக்கே தள்ளித் தெரியும். பூமியின் மையத்துக்கான அட்டவணையை வைத்துக்கொண்டு தேடினால் வெறும் வானத்தைத்தான் படமெடுப்பீர்கள்.

அட்டவணைக்குப் பக்கத்திலேயே, கல் இருக்கக்கூடிய இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் நிச்சயமின்மை வரைபடம் இருக்கும். அதிலுள்ள புள்ளிக்கூட்டம் உங்கள் கேமரா பார்க்கும் பரப்பைவிடப் பெரிதாக இருந்தால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள், அல்லது இரண்டு மூன்று இடங்களாகப் பிரித்து எடுங்கள். பூமிக்கு மிக அருகில் வரும் கல்லுக்கு அரைமணிக்கு ஒருமுறை புது அட்டவணை எடுக்க வேண்டும். அதன் வேகமும் திசையும் இரவுக்குள்ளேயே மாறும்.

எக்ஸ்போஷர் கணக்கு எளிது. ஒரு படத்துக்குள் கல் நகரும் தூரம் நட்சத்திரப் புள்ளியின் அகலத்தைத் தாண்டக் கூடாது. அகலம் 3 ஆர்க்செகண்ட், வேகம் நிமிடத்துக்கு 6 என்றால் 30 விநாடி. வேகம் 60 என்றால் 3 விநாடிதான். அவ்வளவு குறைந்த நேரத்தில் மங்கலான கல் தெரியாது. அப்போதுதான் அடுக்குதல் உதவும். கல்லின் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப ஒவ்வொரு படத்தையும் நகர்த்தி ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டினால், நட்சத்திரங்கள் கோடாக நீளும், கல் புள்ளியாக எழும். 16 படங்களை அடுக்கினால் 1.5 மேக்னிட்யூட் ஆழம் கூடுதலாகக் கிடைக்கும். அஸ்ட்ரோமெட்ரிகா, டைகோ டிராக்கர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இதைச் செய்யும். ஒரு பொருளுக்கு மூன்று அடுக்குகளாவது வேண்டும். ஆகவே ஏறத்தாழ 50 படங்கள் எடுத்து மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அளப்பது

அஸ்ட்ரோமெட்ரிகாவில் குவிதூரம், பிக்சல் அளவு, கேமரா திரும்பியிருக்கும் கோணம் ஆகியவற்றைச் சரியாக நிரப்பி, நட்சத்திர அட்டவணையாக, கையா விண்கலம் அளந்த நட்சத்திர இடங்களின் பட்டியலைத் தேர்ந்தெடுங்கள். படக்கோப்பில் உள்ள நேரம் எக்ஸ்போஷரின் தொடக்கமா, நடுவா என்று கேட்கும் ஒரு சிறிய கட்டம் அமைப்பில் இருக்கும். அதைத் தவறாக வைத்தால் எல்லா அளவும் பாதி எக்ஸ்போஷர் அளவுக்கு ஒரே பக்கம் விலகும். 30 விநாடிப் படத்தில் அது 15 விநாடிப் பிழை. வேகம் குறைந்த சிறுகோளில் இது கண்ணுக்கே தெரியாது, வேகமான கல்லில் அளவீட்டையே பாழாக்கும்.

மென்பொருள் நட்சத்திரங்களைப் பொருத்தி முடித்ததும் சராசரிப் பிழையைப் பாருங்கள். 0.3 ஆர்க்செகண்டுக்கு மேல் இருந்தால் குவியம் சரியில்லை, அல்லது மவுன்ட் நழுவியிருக்கிறது.

பிறகு படங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டு உற்றுப் பாருங்கள். உண்மையான கல் நேர்கோட்டில், ஒரே சீரான வேகத்தில், எல்லாப் படத்திலும் ஒத்த பிரகாசத்தோடு நகரும்; புள்ளியின் வடிவம் பக்கத்து நட்சத்திரங்களைப் போலவே இருக்கும். கேமராவின் கெட்ட பிக்சல் ஒற்றைக் கட்டமாக, ஓரம் வெட்டியதுபோல் கூர்மையாகத் தெரியும். மவுன்ட் மெல்ல நகர்வதால் அதுவும் கல்லைப் போலவே ஊர்ந்து ஏமாற்றும். இதைத் தவிர்க்க, தொலைநோக்கியை நடுநடுவே சில பிக்சல் தள்ளி எடுங்கள். கல் நட்சத்திரத்தின் மேல் ஏறிச் செல்லும் படத்தை அளக்காமல் விடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்து மையம் நட்சத்திரத்தின் பக்கம் இழுபடும்.

அனுப்பும் முன் மூன்று அளவுகளும் ஒரே பாதையில் விழுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் விலகினால் அதை நீக்கிவிடுங்கள். ஆனால் அட்டவணை சொன்ன இடத்திலிருந்து மூன்றும் சேர்ந்தே விலகினால் ஒன்றையும் நீக்காதீர்கள், சரிக்கட்டவும் செய்யாதீர்கள். அந்த விலகல்தான் புதுத் தகவல். பழைய 80 எழுத்து வடிவத்தில் ஒரு இடைவெளி நகர்ந்தாலே வரி கெட்டுவிடும் என்பதால், இப்போதைய ஏடிஇஎஸ் (ADES) வடிவத்தில் அனுப்புங்கள்.

தொலைநோக்கி இல்லாதவர்கள், பள்ளிக் குழுக்கள் உட்பட, சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு (IASC) நடத்தும் முகாம்களில் சேரலாம். பான்-ஸ்டார்ஸ் எடுத்த படங்களை நான்கு நான்காகத் தருவார்கள். அஸ்ட்ரோமெட்ரிகாவில் மேலே சொன்ன அதே வேலை. அதில் அகப்படுபவை பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள்கள்தான். கண் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

மோதும் வாய்ப்பு ஏன் ஏறி இறங்குகிறது

2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 ஒய்ஆர்4 என்ற கல்லைக் கண்டுபிடித்தது. சுமார் 60 மீட்டர். 2032 டிசம்பர் 22-இல் மோதும் வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டியதும் 2025 ஜனவரி 29-இல் சர்வதேச சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு முறையாக அறிவித்தது. பிப்ரவரி 18-இல் 3.1 சதவீதம். செய்தித்தாள்கள் பதறின. அடுத்த ஒரு வாரத்துக்குள் அது 0.01 சதவீதத்துக்கும் கீழே போனது.

கணக்கில் யாரும் தவறு செய்யவில்லை. 2032-இல் அந்தக் கல் இருக்கக்கூடிய இடங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நீண்ட, மெல்லிய கோடு. அந்தக் கோட்டில் பூமி 12,700 கி.மீ. அகலமுள்ள ஒரு துண்டு. அளவீடுகள் சேரச்சேரக் கோடு சுருங்கும். பூமி இன்னும் உள்ளேயே இருந்தால், சுருங்கிய கோட்டில் அதன் பங்கு பெரிதாகும், வாய்ப்பும் ஏறும். கோட்டின் முனை பூமியைத் தாண்டிச் சுருங்கிய நாளில் சட்டென்று விழும். அபோபிஸ் என்ற சிறுகோள் விஷயத்திலும் இதுவே நடந்தது. 2004 டிசம்பரில் 2.7 சதவீதம் வரை போய், அதே ஆண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அது சிக்கியிருப்பது தெரிந்ததும் 2029 ஆபத்து நீங்கியது. 2029 ஏப்ரல் 13 அன்று அது தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. தொலைவில் கடந்துபோகும். செய்தியில் சதவீதத்தைப் பார்த்தால், கூடவே எத்தனை நாள் அளவீட்டை வைத்துச் சொல்கிறார்கள் என்பதையும் தேடிப் பாருங்கள்.

திசைதிருப்ப எவ்வளவு முன்கூட்டித் தெரிய வேண்டும்

2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், விநாடிக்கு 6 கி.மீ. வேகத்தில், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபோஸ் என்ற சிறுகோளில் மோதியது. டிடிமோஸ் என்ற பெரிய சிறுகோளை டைமார்ஃபோஸ் சுற்றிவரும் நேரம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து ஏறத்தாழ அரைமணி குறைந்தது. வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் விநாடிக்கு சுமார் 2.7 மி.மீ.

சூரியனைச் சுற்றும் கல்லை அது போகும் திசையிலோ எதிர்த்திசையிலோ தட்டினால், விலகும் தூரம் தோராயமாக வேக மாற்றத்தையும் காலத்தையும் பெருக்கி, அதைப் போல் மூன்று மடங்கு. வேகம் விநாடிக்கு 2.7 மி.மீ. மாறும்படி தட்டினால் பத்தாண்டில் கிட்டத்தட்ட 2,500 கி.மீ. பூமியின் ஆரமோ 6,378 கி.மீ. நேர்நடுவில் மோத வரும் 160 மீட்டர் கல்லை டார்ட் போன்ற ஒரே அடியால் விலக்க 25 ஆண்டுகள் வேண்டும். பத்தாண்டுதான் இருக்கிறது என்றால் மூன்று, நான்கு கலங்கள். ஓராண்டு என்றால் இந்த முறையே உதவாது. 140 மீட்டருக்கு மேற்பட்ட, பூமியை நெருங்கும் கற்களில் பாதிக்கும் குறைவாகத்தான் இதுவரை கண்டுபிடித்திருக்கிறோம் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சிறிய கல் என்றால்

20 மீட்டர் கல்லை விண்வெளிக்குப் போய்த் தடுக்க அவசியமில்லை. எங்கே எப்போது விழும் என்று சொன்னால் போதும். 2008 அக்டோபரில் சுமார் 4 மீட்டர் அளவுள்ள 2008 டிசி3, கேட்டலினா தேடலில் சிக்கி 19 மணி நேரத்தில் சூடானின் வானில் வெடித்தது. அதற்குள் உலகமெங்கும் குவிந்த அளவீடுகளால் இடமும் நேரமும் முன்பே தெரிந்திருந்தன.

சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வருவது மட்டும் தரைத் தொலைநோக்கிகளுக்குத் தெரியாது. 2013 பிப்ரவரி 15-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் வெடித்த கல் அப்படி வந்ததுதான். அங்கே சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலோர் உடைந்த கண்ணாடியால். பளீரென்ற ஒளியைக் கண்டு என்னவென்று பார்க்க ஜன்னலருகே வந்தவர்கள் மேல், ஒன்றிரண்டு நிமிடம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடியைச் சிதறடித்தது. ஆகவே பகலையும் தோற்கடிக்கும் ஒளிப்பிழம்பு வானத்தில் ஓடினால் ஜன்னலை விட்டு விலகுங்கள். உள்சுவரோரம் மேசைக்கு அடியில் குனிந்து, காதைப் பொத்தி, வாயைச் சற்றுத் திறந்துவைத்துக் காத்திருங்கள். சத்தம் உடனே வரவில்லையே என்று எழுந்துவிடாதீர்கள். ஐந்து நிமிடமாவது அப்படியே இருங்கள். முதல் அதிர்வுக்குப் பின்னும் சிறிய வெடிச்சத்தங்கள் தொடரக்கூடும்.