பழைய கட்டடத்தில் புதிய கடை: சீரமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரின் பழைய கடைவீதியில் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்தைச் சீரமைத்து, அதில் தொழில் தொடங்க நினைப்பவர்களை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆளில்லாத கட்டடத்தில் கூரை ஒழுகினால் கவனிக்க யாருமில்லை; அழிவு அங்கிருந்து தொடங்கிவிடும். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையாக 1964-இல் உருவான வெனிஸ் சாசனமும், ஒரு பழைய கட்டடத்தைப் பயன்பாட்டில் வைத்திருப்பது அதைக் காப்பாற்றத் துணைசெய்யும் என்கிறது. கூடவே, அந்தப் பயன்பாட்டுக்காக அதன் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றிவிடக் கூடாது என்றும் நிபந்தனை வைக்கிறது. பலர் சறுக்குவது இந்த நிபந்தனையில்தான். பழைய கட்டடத்தை, பழுதாகிப்போன ஒரு புதுக் கட்டடம் என்று எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

சிமென்ட் செய்யும் சேதம்

இன்று நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-இல். அது எங்கும் பரவ மேலும் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதற்கு முன் எழுந்த செங்கல், கல் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. நல்ல சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்கும். ஈரத்தை உறிஞ்சும், காற்றும் வெயிலும் பட்டதும் வெளியே விட்டுவிடும். சுவர் சற்று அசைந்தாலும் நெகிழ்ந்து கொடுக்கும். காலப்போக்கில் உதிர்வதும் சாந்துதான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.

செங்கற்களுக்கு இடையே சாந்து இருந்த இணைப்புகளில் சிமென்ட் கலவையை அடைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். சுவருக்குள் புகுந்த நீர் சாந்து வழியே வெளியேற முடியாமல் செங்கல்லின் வழியே வருகிறது. கரைந்த உப்பையும் உடன் கொண்டுவருகிறது. நீர் ஆவியானதும் உப்பு செங்கல்லின் மேற்பரப்புக்கு அடியிலேயே படிகமாக வளர்கிறது. செங்கல்லின் முகம் பொரிந்து பொடிப்பொடியாக உதிர்கிறது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், சிமென்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, நடுவிலே செங்கல் குழிந்திருக்கும். அந்தச் செங்கல் போனது போனதுதான்.

சுவரின் மேல் நீர்புகாப் பூச்சு அடிப்பதும், சுண்ணாம்புப் பூச்சை இடித்தெறிந்துவிட்டு பிளாஸ்டிக் பெயின்ட் பூசுவதும் இதே கேட்டைத்தான் செய்கின்றன. மழையைத் தடுக்கலாம் என்று அடித்த பூச்சு, உள்ளே இருக்கும் ஈரத்தைச் சிறைவைத்துவிடுகிறது. தட்டிப் பார்த்து வெற்றோசை எழுந்த ஒரே காரணத்துக்காகப் பூச்சு முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டியதும் இல்லை. அறிந்த கொத்தனார் உள்ளே சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்திப் பல இடங்களில் அதைப் பிடிக்கவைத்துவிடுவார். வேலை கேட்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, சுண்ணாம்பில் வேலை செய்து பழக்கம் உண்டா என்பதுதான். ‘சிமென்ட் கொஞ்சம் சேர்த்தால் உறுதியாக இருக்கும்’ என்று பதில் வந்தால், வேறு ஆளைத் தேடுங்கள்.

இதற்கு அடுத்த பெருந்தவறு மணல் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்வது. சூளையில் வெந்த செங்கல்லுக்குக் கடினமான ஒரு மேல்தோல் உண்டு. மணல் அழுக்கோடு சேர்த்து அந்தத் தோலையும் அரித்துவிடும். முதல் நாள் சுவர் பளிச்சென்றிருக்கும். அதன்பின் மழைநீரைக் குடித்துக் குடித்துச் சிதைந்துகொண்டே போகும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதாத இடத்தில், தகுந்த ரசாயனத்தை மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே முன்பக்கத்தைத் தொட வேண்டும்.

நீர் எங்கிருந்து வருகிறது?

சுவரடியில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, தெரிந்ததும் அதைத் தடுக்கும் மருந்தைச் சுவருக்குள் செலுத்த ஆள் தேடுகிறார்கள். அதற்கு முன் ஒரு நல்ல மழையில் கட்டடத்தை வெளியே நின்று சுற்றிப் பார்க்க வேண்டும். மழைநீர்க் குழாய் வெடித்திருக்கலாம். வடிகால் அடைத்திருக்கலாம். தெருவைத் திரும்பத் திரும்ப உயர்த்தி, சுவரின் இடுப்புவரை மண் ஏறியிருக்கலாம். இவற்றைச் சரிசெய்தாலே பல சுவர்கள் தாமாக உலர்ந்துவிடும். ஆனால் அதற்கு நாளாகும்: நன்றாக நனைந்த சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் உலரும் என்பது இத்துறையில் புழங்கும் கைக்கணக்கு. இரண்டடிச் சுவருக்கு இது எத்தனை மாதம் என்று எண்ணிப் பாருங்கள். திறப்பு விழா நெருங்குகிறது என்பதற்காக ஈரச் சுவரின் மேல் பலகை அடித்து மறைப்பவர்கள், பூஞ்சைக்கும் கரையானுக்கும் இருட்டறை கட்டிக் கொடுக்கிறார்கள்.

கூரை, வடிகால், சுவர், பிறகு உள்வேலை. இந்த வரிசையை மாற்றவே கூடாது.

தரை எவ்வளவு தாங்கும்?

வீடாக இருந்த மாடியில் கடை வைக்கும்போது மிகுந்த கவனம் தேவை. இன்றைய விதிமுறைகள் வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ பாரத்தையும், கடைத் தளத்துக்கு 400 முதல் 500 கிலோ பாரத்தையும் கணக்கில் கொள்கின்றன. குறைந்தது இரண்டு மடங்கு. புத்தக அடுக்குகளும் துணிக் கட்டுகளும் சரக்குக் கிடங்கும் இன்னும் கனமானவை; ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றே ஒரு டன். மர உத்தரத்தின் நடுப்பகுதியைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டவும் கூடாது. உத்தரம் பெரும்பாலும் மக்குவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். அங்கே கூரிய கருவியால் குத்திப் பார்க்க வேண்டும். கடைக்கு அகலமான ஒரே கூடம் வேண்டும் என்று நடுச்சுவரை எடுக்கச் சொல்வதற்கு முன், பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும். வெறும் தடுப்பு என்று தோன்றும் சுவரும், மேல்தளம் தொய்ந்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டதால், பாரம் தாங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

பயன்பாட்டை மாற்றுவதற்கான அனுமதி, பாரம்பரியப் பட்டியலில் கட்டடம் இருக்கிறதா என்ற விவரம், தீ விபத்தில் வெளியேறும் வழி ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே விசாரித்துவிடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் பயிற்சி பெற்றவர்களே அகற்ற வேண்டும்.

மரச் சன்னல்களைத் தூக்கி எறிவது எனக்குப் பெரும் வேதனை தரும் தவறு. முதிர்ந்த காட்டு மரத்தில் செய்த பழைய சட்டங்கள் பல, இன்று கிடைக்கும் மரத்தைவிட நெருக்கமான வைரம் கொண்டவை. கீழ்ச்சட்டம் மட்டும் மக்கியிருந்தால் நல்ல தச்சர் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, புது மரத்தை ஒட்டுப்போட்டுவிடுவார். பிளாஸ்டிக் சன்னல் கெட்டால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். எதைக் கழற்றினாலும் முதலில் படம் எடுத்து, எண்ணிட்டு வையுங்கள். காணாமல்போன அலங்காரத்துக்குப் பழைய படமோ மிஞ்சிய துண்டோ ஆதாரமாக இல்லையென்றால், அந்த இடத்தை எளிமையாக விட்டுவிடுவதே நேர்மை. ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நிற்க வேண்டும் என்று அதே வெனிஸ் சாசனம் வலியுறுத்துகிறது.

பணத்தைப் பொறுத்தவரை, மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியே ஒதுக்கச் சொல்வேன். பழைய பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகுதான் தெரியும். கையிருப்பு கரைந்த நிலையில் ஒரு மக்கிய உத்தரம் வெளிப்பட்டால், அதை மூடி மறைக்கத்தான் மனம் போகும்.

இரும்பும் பெயர்ப்பலகையும்

ஏதென்ஸில் பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றில், பழங்காலக் கிரேக்கர்கள் கற்களை இணைத்த இரும்புப் பற்றிகளைச் சுற்றி ஈயத்தை வார்த்திருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் நிகோலாஸ் பலானோஸ் தலைமையில் நடந்த புனரமைப்பில் அந்தக் காப்பு இல்லாமல் இரும்பு வைக்கப்பட்டது. துருப்பிடித்த இரும்பு பருத்து பளிங்கைப் பிளந்தது. அந்த இரும்பை அகற்றி டைட்டானியம் பொருத்தும் பணி பிற்பாடு பல பத்தாண்டுகள் நீண்டது.

சிறு கடைக்கும் இது பொருந்தும். பெயர்ப்பலகை, விளக்கு, கேமரா, குளிர்சாதனக் குழாய் என்று ஒவ்வொன்றாகச் சுவரில் ஏறும். ஆணியும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். துளையைச் செங்கல்லிலோ கல்லிலோ போடாமல் சாந்து இணைப்பில் போடச் சொல்லுங்கள். நாளை பலகையைக் கழற்றும்போது ஒரு கரண்டி சுண்ணாம்புச் சாந்தால் அந்தத் துளையை அடைத்துவிடலாம்.