நாற்காலி காலியாக இருக்கும் மாதங்களில் வீட்டு பார்லர் நடத்துபவர்கள் செய்யும் தவறுகள்

வீட்டிலேயே பார்லர் வைத்திருப்பதில் ஒரு வசதியும் ஒரு வினையும் உண்டு. கடை வாடகை கிடையாது, அது வசதி. ஆள் வராத நாளிலும் அந்த அறையைக் கடந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும், அது வினை. காலி நாற்காலியை ஒரு நாளில் இருபது முறை பார்த்தால் எவருக்கும் பதற்றம் வரும். இந்தத் தொழிலில் நான் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் அந்தப் பதற்றத்தில் செய்தவை. ஒரு வருடக் கணக்கை உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: ஆள் வராததால் போன பணத்தைவிட, ஆளை வரவழைக்க நான் பட்ட பாட்டில் போன பணம் அதிகம்.

எல்லாவற்றுக்கும் தள்ளுபடி

கூட்டம் குறைந்ததும் முதலில் கைக்கு வருவது இதுதான். "எல்லா சேவைகளுக்கும் 30 சதவீதம் தள்ளுபடி" என்று ஒரு படம் தயாரித்து ஸ்டேட்டஸில் போட்டுவிடுகிறோம். போடுவதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபேஷியலின் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். கிரீம், பேக், பஞ்சு, துண்டு துவைப்பது, மின்சாரம் எல்லாம் சேர்த்து அதில் 40 போய்விடுகிறது என்றால் கையில் நிற்பது 60. கட்டணத்தை 70 ஆக்கிய பிறகும் செலவு அதே 40தான். கையில் நிற்பது 30. முன்பு ஒருவருக்குச் செய்து சம்பாதித்ததை இப்போது இருவருக்குச் செய்து சம்பாதிக்க வேண்டும். குறைத்தது 30 சதவீதம், வருமானத்தில் விழுந்தது பாதி.

எல்லா வேலைக்கும் அடி ஒரே அளவில் விழுவதில்லை. திரெடிங்குக்கு நூலும் நேரமும்தான் செலவு; அங்கே கொஞ்சம் குறைத்தால் தாங்கும். ஹேர் கலரில் கலர் டியூபுக்கும் அதோடு கலக்கும் டெவலப்பருக்கும் கொடுத்தது போக மிச்சமே கொஞ்சம்தான்; அங்கே 30 சதவீதம் குறைத்தால் இலவசமாக வேலை செய்வதற்குப் பக்கத்தில் போய்விடும். எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் என்று அறிவிப்பவர் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை என்று பொருள்.

இன்னொரு சேதமும் உண்டு, அது கணக்கில் வராது. ஒரு செவ்வாய்க்கிழமை முழுக் கட்டணம் கொடுத்து ஃபேஷியல் செய்துகொண்டு போனார், நாலு வருடமாக வருகிற ஒருவர். வியாழக்கிழமை என் தள்ளுபடிப் படத்தைப் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மாதம் அவரிடமிருந்து வந்த செய்தியில் முதல் வரியே "இப்போது ஆஃபர் ஏதும் இல்லையா?" என்பதுதான். அதன் பிறகு அவர் முழுக் கட்டணத்துக்கு வந்ததே இல்லை, காத்திருக்கக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தது நான்.

ஆள் குறைவான மாதத்தில் நம்மிடம் உபரியாக இருப்பது நேரம். கொடுப்பதானால் அதைக் கொடுக்கலாம். ஹேர் கட்டுக்கு வருபவருக்குப் பத்து நிமிடத் தலை மசாஜ், ஃபேஷியலில் பேக் காயும் நேரத்தில் கைகளுக்கு மசாஜ். கட்டணம் அப்படியே இருக்கும். விலை குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு சேவைக்கு, வார நாள்களில் மதியம் மட்டும், முடியும் தேதி போட்டு அறிவியுங்கள். அந்தத் தேதி முடிந்ததும் உண்மையாகவே நிறுத்துங்கள். "மக்கள் கேட்டுக்கொண்டதால் மேலும் ஒரு வாரம்" என்பதை யாரும் நம்புவதில்லை.

மந்தம் வந்த பிறகு விளம்பரத்தைத் தொடங்குவது

இதை நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நினைக்கிறேன். கூட்டம் அலைமோதும்போது அடுத்தவரை உட்காரவைக்கும் அவசரத்தில், எழுந்து போகிறவரிடம் "சரி, மறுபடி வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். இரண்டு மாதம் கழித்து அதே ஆளைத் தேடி ஊரெல்லாம் துண்டுச் சீட்டு கொடுக்கிறோம்.

நம் தொழிலில் அடுத்த தேதியை உடம்பே குறித்துக் கொடுத்துவிடுகிறது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும், கலர் செய்தவருக்கு 4 முதல் 6 வாரத்தில் வேர்ப்பகுதி வெளுத்துத் தெரியும். வாக்சிங்குக்கும் அநேகமாக அதே இடைவெளிதான். புருவம் 2 முதல் 4 வாரத்தில் வடிவம் கலையும். ஆகவே கண்ணாடி முன் அவர் தன் முடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கும் அந்த நிமிடத்தில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "வேர்ப்பகுதி ஐந்து வாரத்தில் தெரிய ஆரம்பிக்கும். அந்த வாரம் புதன்கிழமை பதினொரு மணிக்கு உங்கள் பெயரை எழுதி வைக்கட்டுமா? வேண்டாமென்றால் முந்தைய நாள் சொன்னால் போதும்." பாதிப் பேர் சரி என்பார்கள். அந்தப் புதன்கிழமை மந்தமான மாதத்தில் விழுந்தாலும் நாற்காலி காலியாக இருக்காது. முந்தைய நாள் ஒரு வரி நினைவூட்டல் அனுப்ப மறக்கக் கூடாது. அனுப்பாவிட்டால் மறந்துவிட்டேன் என்பார், அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

தெரிந்தவரை விட்டுவிட்டுத் தெரியாதவரைத் தேடுவது

சமூக ஊடகத்தில் பணம் கட்டி விளம்பரம் செய்தால் விருப்பக்குறிகள் குவியும். அதில் பலர் நம் வீட்டுக்கு வந்து சேர முடியாத தொலைவில் இருப்பார்கள். வீட்டு பார்லருக்கு ஆள் வருவது நடக்கும் தூரத்திலிருந்து, மிஞ்சினால் கொஞ்ச தூர வண்டிப் பயணத்திலிருந்து. விளம்பரம் போட்டே தீர வேண்டும் என்றால் அந்த வட்டத்தைச் சுருக்கி வைத்துவிட்டுப் போடுங்கள்.

அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது உங்கள் அப்பாயின்ட்மென்ட் நோட்டு. முன்பு தவறாமல் வந்து, மூன்று மாதமாக வராதவர்களின் பெயர்களைத் தனித் தாளில் எழுதுங்கள். முதல் தடவை எழுதியபோது எனக்கு 23 பெயர்கள் கிடைத்தன. அவ்வளவு பேர் சத்தமில்லாமல் நின்றுபோனதை நான் கவனிக்கவே இல்லை.

அவர்களுக்கு அனுப்பும் செய்தியிலும் சறுக்க இடமுண்டு. நான் முதலில் அனுப்பியது: "அன்பான வாடிக்கையாளர்களே! உங்கள் அழகைப் பேண இதோ ஓர் அரிய வாய்ப்பு!" அதோடு ஆறு பூப் படங்கள். இருவர் கட்டைவிரல் படம் அனுப்பினார்கள். அடுத்த முறை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, நோட்டைப் பார்த்து எழுதினேன்: "நலமா? போன முறை தோள் வரை முடி வெட்டினோம், இப்போது நன்றாக வளர்ந்திருக்கும். நுனி மட்டும் சீராக்க வேண்டுமென்றால் வியாழன் காலை பத்து மணியும் வெள்ளி மதியம் மூன்று மணியும் இருக்கின்றன." இதற்குப் பதில் வந்தது. வர முடியாதவர்கள்கூட ஏன் வர முடியவில்லை என்று எழுதினார்கள்.

வாட்ஸ்அப்பைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. பிராட்காஸ்ட் பட்டியலில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாகப் போகும்படி அனுப்பும் வசதியில், அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். நூறு பேருக்கு அனுப்பியும் பதில் இல்லை என்று வருந்துவதற்கு முன், நூறு பேரில் எத்தனை பேர் உங்கள் எண்ணைச் சேமித்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள். முதல் வருகையிலேயே "என் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுவிடலாம். இரண்டாவது, வாடிக்கையாளர்கள் எல்லோரையும் ஒரே குழுவில் சேர்க்காதீர்கள். குழுவில் சேர்ந்தவர்களின் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். நான் சேர்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் அதில் துணி வியாபாரம் ஆரம்பித்தார். மாலைக்குள் ஒன்பது பேர் வெளியேறிவிட்டார்கள். அவர்களில் இருவர் பார்லரை விட்டும் வெளியேறிவிட்டார்கள்.

ஆள் பிடிக்கும் அவசரத்தில் பாதுகாப்பை விடுவது

"இன்று மட்டும்! இப்போதே வாருங்கள், ஹேர் கலர் பாதி விலை!" இந்த அறிவிப்பில் விலையைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. நிரந்தர ஹேர் டைகள் பலவற்றில் பாரா ஃபினைலீன் டையமின் என்ற வேதிப்பொருள் உண்டு. சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். முகம் வீங்கி மருத்துவமனைக்குப் போக நேரிடும். அதனால்தான் பெட்டியிலேயே 48 மணி நேரம் முன்பு காதின் பின்னாலோ முழங்கையின் உள்பக்கத்திலோ சிறிது தடவிச் சோதிக்கச் சொல்லியிருப்பார்கள். இன்றே வா என்று அழைக்கும் ஆஃபரில் அந்த 48 மணி நேரத்துக்கு இடம் எங்கே? உடனடி ஆஃபர் என்றால் திரெடிங், ஹேர் கட், பெடிக்யூர் போன்றவற்றுக்கு வையுங்கள். புதிய ஆளுக்கு ஹேர் கலர் என்றால், சோதனைக்கு ஒரு நாள், கலருக்கு ஒரு நாள் என்று அழையுங்கள். சொல்லப்போனால் அதுவே நல்ல விளம்பரம். இவ்வளவு கவனமாகச் செய்கிறார் என்று அவர் நாலு பேரிடம் சொல்வார்.

வெயில் கொளுத்தும் மாதத்தில் கூட்டம் இல்லை என்பதற்காக தோலின் மேலடுக்கை உரிக்கும் கிளைகாலிக் அமில பீல் போன்றவற்றைத் தூக்கிப்பிடிப்பதும் இந்த வகைதான். அந்த அமிலங்கள் தோலை வெயிலுக்கு எளிதில் இரையாக்கும். பளபளப்பு கேட்டு வந்தவர் கறுத்த திட்டுகளோடு திரும்பி வந்தால் எந்தத் தள்ளுபடியும் ஈடாகாது.

பிறகு, கையில் நேரம் இருக்கிறதே என்று இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு, முடியை நேராக்கும் சிகிச்சையைப் பட்டியலில் சேர்ப்பவர்கள். சில கரைசல்கள் சூடுபடும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ஆம் ஆண்டு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றாக வகைப்படுத்தியது. கதவைச் சாத்திய சின்னப் படுக்கையறையில், பக்கத்து அறையில் குழந்தை தூங்க, இதைச் செய்ய வேண்டுமா? லேபிளைப் படியுங்கள். காற்றோட்டம் இல்லாத அறை என்றால் அந்த வேலையே வேண்டாம்.

முன்பணம் என்னும் பொறி

"ஐந்து ஃபேஷியலுக்கு இப்போது பணம் கட்டினால் ஆறாவது இலவசம்." மந்தமான மாதத்தில் இது சொர்க்கம் போலத் தெரியும். பணம் உடனே வரும். ஆட்கள் எப்போது வருவார்கள்? கூட்டம் நிரம்பி வழியும் மாதத்தில், எல்லோரும் வரும் அதே சனிக்கிழமை. அப்போது முழுக் கட்டணம் தருகிறவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, என்றோ செலவழித்துவிட்ட பணத்துக்கு வேலை செய்துகொண்டிருப்போம். பணம் கட்டியவருக்குத் தரும் அட்டையிலேயே எந்த நாள்கள், எந்த நேரம் செல்லும் என்று அச்சிட்டுக் கொடுங்கள். வந்த பணத்தைத் தனி உறையில் போட்டு வைத்து, ஒவ்வொரு ஃபேஷியல் முடிந்ததும் அதற்குரிய பங்கை மட்டும் எடுங்கள்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'முன்' படத்தை மங்கலான விளக்கிலும் 'பின்' படத்தை ஜன்னல் வெளிச்சத்திலும் எடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். முகம் தெரிகிற படத்தைக் கேட்காமல் போடக் கூடாது. கேட்டபின் "ம்" என்று இழுத்தால் அது சம்மதம் ஆகாது. கூகுளில் மதிப்புரை எழுதினால் தள்ளுபடி என்று பேரம் பேசுவது அவர்களுடைய விதிகளுக்கே எதிரானது. வீட்டின் முழு முகவரியை எல்லா விளம்பரத்திலும் அச்சிடுவதும் வேண்டாத வேலை. பகுதியின் பெயர் போதும். நேரம் உறுதியான பிறகு வழி சொல்லலாம்.

ஒரு சின்ன வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள்: "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், சும்மாதான் இருக்கிறேன்." பணிவாகச் சொல்வதாக நினைத்துச் சொல்கிறோம். கேட்பவர் காதில் "என்னிடம் யாரும் வருவதில்லை" என்று விழுகிறது. அப்படிக் கேட்டவர் இரவு எட்டரை மணிக்கு வந்து நிற்பார், நாம் தட்டில் கை வைத்த நேரத்தில். இரண்டு நேரங்களைச் சொல்லி எது வசதி என்று கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இது சீசன் மந்தம்தானா என்று பார்த்துவிட வேண்டும். போன வருடம் இதே மாதத்தின் பக்கத்தைப் புரட்டுங்கள். அப்போதும் 40 பேர், இப்போதும் 38 பேர் என்றால் அது பருவம், கடந்துபோகும். 40 பேர் 22 ஆகியிருந்தால் பருவத்தின் மேல் பழி போட்டுப் பயனில்லை, ஏதோ கெட்டிருக்கிறது. அதற்கு விளம்பரம் செய்தால் புதிதாக வருகிறவர்களும் அதையே பார்த்துவிட்டுப் போவார்கள்.

என் 23 பெயர்களில், செய்திக்குப் பதிலே தராத ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். நலம் விசாரித்தோம், பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. குளிர் மாதத்தில் அந்தச் சில்லென்ற தண்ணீரில் தலை கழுவுவதுதான் தாங்கவில்லை. சொன்னால் வருத்தப்படுவீர்களோ என்று இருந்துவிட்டேன்." மூன்று வருடமாகக் குளிர் மாதங்களில் கூட்டம் குறைவதற்கு நான் என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மாதம் விளம்பரத்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் வெந்நீர் ஹீட்டர் ஒன்று வாங்கி, தலை கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டினேன். பிறகு அந்தப் பட்டியலில் உள்ள மற்றவர்களுக்கு அனுப்பிய செய்தியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "இப்போது வெந்நீர் வருகிறது."