சுறாப் புட்டு செய்யும் முன்: தாய்மார் உள்ள வீட்டிற்கு மீன் வாங்கும் முறை

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். அந்த அக்கறையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாதரசம் மிகுதியாகச் சேரும் கடல் மீன்களுள் சுறாவும் ஒன்று என்பதால், கருவுற்றவரோ பாலூட்டுபவரோ உள்ள வீட்டில் மீன் தேர்வைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

மீன் வாங்கும்போது முதலில் அதன் உருவத்தையும் இரையையும் எண்ணிப் பாருங்கள். நிலக்கரிப் புகையாலும் சுரங்கக் கழிவாலும் கடலை அடையும் பாதரசத்தை நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசம் என்ற, உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவமாக மாற்றுகின்றன. அது மிதவை உயிர்களிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் ஏற ஏறச் செறிவு கூடுகிறது. அமெரிக்கச் சந்தை மீன்களை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் சோதித்தபோது, சுறாவில் சராசரியாகக் கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராமும், நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவான அரசக் கானாங்கெளுத்தியில் 0.73 மில்லிகிராமும், மத்தி மீனில் 0.013 மில்லிகிராமும் பாதரசம் இருந்தது. நம் கடலில் எண்கள் மாறலாம். பெரிய வேட்டை மீனில் கூடுதல், மத்தி, நெத்திலி போன்ற சிறுமீனில் குறைவு என்ற வரிசை எந்தக் கடலுக்கும் பொருந்தும்.

அடுத்து, வாரக் கணக்கு. கருவிலுள்ள குழந்தையின் மூளையைக் காக்கும் நோக்கில், உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் என்ற வரம்பைப் பன்னாட்டு நிபுணர் குழு 2003இல் வகுத்தது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது வாரம் 96 மைக்ரோகிராம். மேற்சொன்ன சராசரிப்படி, 100 கிராம் சுறாவே அதை எட்டிவிடும். மத்தியோ வாரம் முழுவதும் தின்றாலும் அதன் அருகில்கூட வராது.

கழுவினால் போய்விடும், மஞ்சளும் புளியும் முறித்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். மெத்தில் பாதரசம் தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால், தோலை உரித்தாலும் கொழுப்பை நீக்கினாலும் கொதிக்கவைத்தாலும் அகலாது. காய்ந்த கருவாட்டில் நீர் வற்றியிருப்பதால், எடைக்கு எடை அதன் அளவு கூடவே இருக்கும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட கொடுமையில், தொழிற்சாலைக் கழிவு கலந்த விரிகுடா மீனைத் தின்ற தாய்மார் பலர் தங்களுக்குப் பெரிய நோய்க்குறி இல்லாமலேயே மூளை பாதித்த குழந்தைகளைப் பெற்றார்கள். அந்த அளவு நச்சு நம் சந்தை மீனில் இல்லை. ஆயினும் தாயைவிடக் கருவே எளிதில் பாதிக்கப்படும் என்பதை அது காட்டியது.

எனவே கருவுற்ற பிறகு தொடங்குவதைவிட, குழந்தைக்குத் திட்டமிடும்போதே பெரிய வேட்டை மீன்களை விட்டுவிடுவது நல்லது. உடலிலுள்ள மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 50 நாள் ஆகும். ஆறு மாதம் விலகியிருந்தால் பெரும்பகுதி கழிந்துவிடும். தாய்ப்பால் வழியே செல்லும் அளவு நஞ்சுக்கொடி வழியே செல்வதைவிடக் குறைவுதான் என்றாலும், பாலூட்டும் காலத்திலும் சுறாவைத் தவிர்ப்பதே என் பரிந்துரை.

கடல் உணவில் சேரும் மற்றொரு நச்சு உலோகமான காட்மியம் வேறு வகை. அது தசையைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்குவதால், இதைச் சுத்தம் செய்து குறைக்க முடியும். கணவாயின் உட்பகுதிகளை முழுவதும் நீக்குங்கள். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புப் பகுதியை அடிக்கடி உண்ணாதீர்கள்.

இவற்றை எண்ணி மீனையே ஒதுக்கிவிடுவது பெருந்தவறு; குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் (மேலே சொன்ன அரசக் கானாங்கெளுத்தி வேறு, பெரிய மீன்) நிறைய உண்டு. புட்டுதான் வேண்டுமென்றால், நடுத்தர அளவுள்ள கானாங்கெளுத்தியை மஞ்சளிட்டு அவித்து, முள்ளைக் கவனமாக நீக்கி உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் தாராளமாகச் சேர்த்து வதக்கிக் கொடுங்கள்.