‘பாபேல்’ படம் பார்க்க உட்காருமுன்

அலெஹாந்த்ரோ கொன்சாலஸ் இன்யாரித்து 2006-இல் எடுத்த ‘பாபேல்’ படத்தைப் பார்த்துவிட்டு, “மொராக்கோ, மெக்சிகோ, ஜப்பான் எல்லாம் சரி, இதில் பாபேல் எங்கே வருகிறது?” என்று கேட்பார்கள். சபையில் வேதபாட வகுப்பு எடுப்பவள் என்பதால் கேள்வி என்னிடம் வந்துவிடும். கொஞ்சம் தயாராகி உட்கார்ந்தால் பதில் உங்களுக்கே கிடைக்கும்.

முதலில் வேதாகமத்தில் ஆதியாகமம் 11-ஆம் அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்களைச் சத்தமாக வாசியுங்கள். ஒரே பாஷை பேசும் மனிதர்கள் சிநெயார் சமவெளியில் செங்கல் சுட்டு, நிலக்கீல் பூசி, வானத்தைத் தொடும் கோபுரம் கட்டப் பார்க்கிறார்கள். பெருமைக்குக் கிடைத்த தண்டனை என்றுதான் ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான்காம் வசனத்தில் ஒரு பயமும் இருக்கிறது: சிதறிப்போய்விடுவோமோ என்ற பயம். ஏழாம் வசனம்தான் படத்துக்குச் சாவி. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் போக வேண்டும் என்கிறார் கர்த்தர். அப்படித் தாறுமாறான இடத்துக்குத்தான் பாபேல் என்று பெயர். பாபிலோன் நகரம்தான் அது.

அடுத்து, டப்பிங் வேண்டாம். ஆங்கிலம், அரபி, பெர்பெர், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழி, ஜப்பானிய சைகை மொழி என்று அத்தனையும் அதனதன் ஒலியோடு வர வேண்டும். எல்லாரையும் ஒரே மொழியில் பேச வைத்துவிட்டால் தலைப்புக்கே வேலையில்லை. சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். நிர்வாணக் காட்சிகள் உண்டு, போதை மாத்திரை உண்டு. பிள்ளைகளோடு பார்க்கிற படம் இல்லை. டோக்கியோ நடனக் கூடத்தில் சத்தம் திடீரென்று அறுந்துபோகும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று யாரும் எழுந்துவிடாதபடி முன்னாலேயே சொல்லி வையுங்கள். காது கேளாத சியேகோவின் உலகத்துக்குள் அந்தச் சில நொடிகள் நம்மை உட்கார வைக்கிறார் இயக்குநர்.

அப்புறம் ஒரு தாள் எடுத்து நடுவில் கோடு போடுங்கள். பாஷை தெரியாததால் வந்த சிக்கல் இடப்பக்கம். பாஷை தெரிந்தும் காது கொடுக்காததால் வந்தது வலப்பக்கம். வலப்பக்கம்தான் நிறையும். இதைத்தான் படம் சொல்ல வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மொராக்கோவுக்குச் சுற்றுலா வந்த அமெரிக்கத் தம்பதி ரிச்சர்டும் சூசனும் சாப்பிட உட்காரும் காட்சியைக் கவனியுங்கள். இருவருக்கும் தாய்மொழி ஆங்கிலம், நடுவில் யாரும் இல்லை. அவன் கோப்பையிலிருக்கும் ஐஸை அவள் எடுத்துக் கொட்டுகிறாள். என்ன தண்ணீரோ என்ற பயம். இறந்துபோன தங்கள் குழந்தையைப் பற்றி மட்டும் இருவராலும் பேச முடியவில்லை. குண்டடி பட்டு அவள் மண் வீட்டில் கிடக்கும்போது, அவள் பேச்சு ஒரு சொல்கூடப் புரியாத கிழவி பக்கத்தில் அமர்ந்து, குழாயில் புகை பிடிக்கக் கொடுத்து வலியைத் தணிக்கிறாள். ஆங்கிலம் பேசும் சக பயணிகளோ பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த மூன்றையும் தாளில் எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும்.

ரிச்சர்ட், சூசன் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்சிகோக்காரி அமேலியா ஸ்பானிஷில் பேசுகிறாள், அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள், தடையே இல்லை. அதே அமேலியா எல்லை அதிகாரி முன்னால் உட்காரும்போது, அந்தப் பிள்ளைகளை எப்படி வளர்த்தாள் என்பது அங்கே எடுபடவில்லை. சூசன்மேல் குண்டு பாய்ந்த துப்பாக்கியை விற்றவரை மொராக்கோ போலீஸ் அடித்து விசாரிக்கும் இடத்தில் இரு தரப்புக்கும் மொழி ஒன்றுதான்.

இன்னொரு இடத்தை விட்டுவிடாதீர்கள். சியேகோ துப்பறியும் அதிகாரியிடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறாள். அவர் பிறகு தனியாக உட்கார்ந்து படிக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று நமக்குச் சொல்லவே மாட்டார்கள். அங்கே படத்தை நிறுத்தி, என்ன எழுதியிருப்பாள் என்று கூட இருப்பவர்களைக் கேளுங்கள். ஆளுக்கொரு பதில் வரும்.

படம் முடிந்ததும் அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரத்தைத் திறங்கள். சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் பார்த்தர், மேதர், அரபியர் என்று பல தேசத்தார் கூடியிருக்கிறார்கள். பாபேலுக்கு முன்னிருந்த ஒரே பாஷை அங்கே திரும்பி வரவில்லை. சீஷர்கள் பேசுவதை அவரவர் தம் பாஷையிலேயே கேட்கிறார்கள். இதை வாசித்த கையோடு மொராக்கோ சுற்றுலா வழிகாட்டி அன்வரைப் பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள். இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்று, அடிபட்ட சூசனுக்குத் தன் ஊருக்குள் இடம் தந்து, கடைசியில் ரிச்சர்ட் நீட்டிய பணத்தை வாங்க மறுக்கிறான். சபைக்கு வராதவர்கள்கூட இந்த இடத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.