களப்பை மீட்க நிதி கேட்பது எப்படி? திருகோணமலைச் சங்கங்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் பக்கத்துக் களப்பு ஒன்றின் ஓரத்தில் வரிசை வரிசையாகக் குச்சிகள் நிற்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னச் சிப்பிகள் அப்பியிருக்கும், உயிர் இருக்காது. கண்டல் (உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வளரும் மரம்) கன்று என்று நட்டவை அவை. பெயர்ப்பலகை மட்டும் இன்னும் நிற்கிறது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததில்லை. இலங்கையில் 23 இடங்களில் கண்டல் நட்டதை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் தேறியது 200 ஹெக்டேயர் சொச்சம். 9 இடங்களில் ஒன்றுமே மிஞ்சவில்லை. பொருந்தாத இடம், பொருந்தாத இனம், நட்டபின் பராமரிப்பின்மை, மாடு மிதித்தது என்று காரணங்கள் வந்தன. அதனால் கன்றுக்கு மட்டும் காசு கேட்காதீர்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

முதல் படி: இடம் யாருடையது?

கிராம அலுவலரிடமிருந்து தொடங்குங்கள், பிறகு பிரதேச செயலகம். களப்போரக் காணி வனத் திணைக்களத்தின் கீழும் இருக்கலாம், கரையோரம் பேணல் திணைக்களத்தின் கீழும் இருக்கலாம். கொக்கிளாய் போன்ற சரணாலயம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம். உரிய திணைக்களத்தின் சம்மதக் கடிதம் கையில் இல்லாமல் முன்மொழிவு எழுத உட்காராதீர்கள்.

இரண்டாம் படி: ஒரு வருடம் பாருங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. நிதி கொடுப்பவரை நம்பவைப்பதும் இதுதான். ஒரு கம்பு நட்டு, அதே கம்படியில் நின்று, மாரியில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை படம் எடுங்கள். கம்பில் அடையாளமிட்டுத் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று எழுதுங்கள். திருகோணமலையில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. ஒரு சாண் உயர வித்தியாசமே கன்று பிழைப்பதா அழுகுவதா என்று தீர்மானித்துவிடும். பறவைகளை மாதம் ஒருமுறை, விடியற்காலையில், ஒரே இடத்தில் நின்று எண்ணுங்கள். கூழைக்கடா, பூநாரை, கொக்கு என்று கொப்பியில் கோடு போட்டாலே போதும்.

பக்கத்திலேயே தொழில் செய்யும் மூத்த மீனவரிடம் கேளுங்கள்: "ஐயா, முன்பு தண்ணி எந்தப் பக்கத்தால வந்தது?" அந்தப் பதில் தரும் வரைபடம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. ரோட்டுக்கடியில் தூர்ந்த மதகு ஒன்றைத் திறந்தாலே, நடாமல் கண்டல் தானாக முளைக்கும் இடங்கள் இருக்கின்றன. அப்படி வந்த காட்டுக்கு நிகராக நட்ட காடு நிற்காது என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாம் படி: யாரிடம் கேட்பது?

பதிவு செய்த கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அதையே முன்னிறுத்துங்கள். இருவர் ஒப்பமிடும் வங்கிக் கணக்கும் கூட்டக் குறிப்புப் புத்தகமும் அவசியம்.

ஊர்ச் சங்கங்களுக்கு ஏற்றது உலகச் சுற்றாடல் வசதி (GEF) என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியத் திட்டம். 1992இல் தொடங்கிய இதை ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் நடத்துகிறது. நீண்ட காலம் ஒரு மானியத்தின் உச்சவரம்பு 50,000 டொலராக இருந்தது. முதல் முறை கேட்பவர் அதில் சிறு பங்கு கேட்பதே நல்லது. தனியாக ஆய்வு செய்யும் இளைஞருக்குப் பிரித்தானியாவின் ரஃபர்ட் அறக்கட்டளை உண்டு. மீன்பிடிப் பூனை போல ஒரே ஒரு உயிரினத்துக்கென்றால் அபுதாபியின் முகமது பின் சாயித் நிதியம், 25,000 டொலர் வரை. மூன்றுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள்.

நான்காம் படி: எழுதுவது

"களப்பைப் பாதுகாத்து வளமான எதிர்காலம் அமைப்போம்" என்று தொடங்கினால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இப்படி எழுதுங்கள்: "மதகு தூர்ந்ததால் மேற்குக் கரையில் 4 ஏக்கர் கண்டல் பட்டுவிட்டது. இறால் குஞ்சு ஒதுங்க இடமில்லை. மதகைத் தூர்வாரி, தண்ணீர் ஏறியிறங்க விட்டு, 3 வருடம் பார்ப்போம்." பிரச்சினை, காரணம், வேலை, காலம் நான்கும் வந்துவிட்டன. இரண்டாம் படியில் எடுத்த படத்தை இதற்குக் கீழே வையுங்கள்.

ஐந்தாம் படி: வரவுசெலவு

என்னிடம் 100 ரூபாய் இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: நீரோட்டம் திருத்த 40, மாட்டு வேலிக்கு 15, மூன்று வருடப் பராமரிப்புக்கும் எண்ணுவதற்கும் 25, கன்றுக்கு 20. கன்றுக்கு அறுபது, எழுபது வைத்த திட்டத்தில்தான் அந்தச் சிப்பிக் குச்சிகள் பிறக்கின்றன.

சிரமதானத்தையும் கணக்கில் காட்டுங்கள். 20 பேர் 5 நாள் மண் வெட்டினால் அது 100 ஆள்நாள். ஊர்க் கூலியில் பெருக்கி "சங்கத்தின் பங்களிப்பு" என்று எழுதலாம். தோணி, பாய், சமைத்த சாப்பாடு எல்லாம் அதில் சேரும். வாங்கும் பொருளுக்கு மூன்று விலைக்கோரல் எடுத்து வையுங்கள்.

காசு வந்தபின் பற்றுச்சீட்டுகளை அன்றன்றே கடதாசியில் ஒட்டித் திகதி எழுதுங்கள். எங்கள் முதல் திட்டத்தில் வேலிக்கம்பி வாங்கிய சீட்டு மழையில் நனைந்து எழுத்தே போய்விட்டது. அந்தத் தொகையைச் சங்கமே போட வேண்டி வந்தது. இப்போது எல்லாச் சீட்டும் கைபேசியில் படமாகவும் இருக்கிறது.

விண்ணப்பம் திரும்பி வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த சுற்றுக்குள் இன்னொரு மாரியும் இன்னொரு கோடையும் வரும். அதே கம்படியில் இன்னும் இரண்டு படம் சேரும்.